லினக்ஸ் கணினியில் பிராசஸர் ஏறிக்கொண்டே போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து, லினக்ஸ் நிறுவிக் கொடுப்பது என் தொழில். லாஸ்பேட்டை மாணவர் முதல் கடலூர் மஞ்சக்குப்பத்து டிடிபி கடைக்காரர் வரை எல்லோரும் சுற்றிச்சுற்றி ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். ‘செயலி’ என்ற சொல்லைப் பிராசஸருக்கும் சொல்கிறார்கள், கைப்பேசி ஆப்புக்கும் சொல்கிறார்கள் என்பதால் அதை இங்கே தவிர்த்துவிட்டேன்.

“எதுவுமே திறக்கலை சார், சும்மாதான் கிடக்குது. ஃபேன் மட்டும் கத்துது. முதல்ல எதைப் பார்க்கணும்?”

பெயரைப் பார்க்க வேண்டும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘டாப்’ என்று தட்டினால், பிராசஸரை அதிகம் எடுத்துக்கொள்ளும் நிரல் முதல் வரியில் வந்து நிற்கும். டெர்மினல் பழகாதவர்கள் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, சிபியூ என்ற தலைப்பின் மேல் சொடுக்கி வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

ஒரு நொடி பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த நிரலும் ஓரிரு நொடிக்கு ஏறி இறங்குவது இயல்பு. ஒரு நிமிடமாவது முதல் வரியிலேயே உட்கார்ந்திருப்பதுதான் நமக்கு வேண்டியது. டாப்பின் வலப்பக்கத்தில் ‘டைம்’ என்றொரு பத்தி உண்டு. அந்த நிரல் தொடங்கியதிலிருந்து மொத்தம் எத்தனை நிமிடம் பிராசஸரைப் பயன்படுத்தியிருக்கிறது என்பதை அது காட்டும். கணினியைப் போட்டு இரண்டு மணிநேரம்தான் ஆகியிருக்கிறது, ஒரு நிரலின் கணக்கில் மட்டும் 70 நிமிடம் நிற்கிறது என்றால், நீங்கள் பார்க்கும் நொடியில் அது அடங்கியிருந்தாலும் ஆள் அதுதான்.

“ஒரு புரோகிராம் 230 சதவீதம்னு காட்டுது. நூறுக்கு மேல எப்படிப் போகும்?”

பிராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் ஒவ்வோர் அலகும் ஒரு கோர். டாப்பின் கணக்கில் நூறு என்பது ஒரு கோர் முழுவதும் என்று பொருள். நான்கு கோர் உள்ள கணினியில் மொத்தம் 400. எனவே 230 என்றால் இரண்டு கோருக்குச் சற்று மேல். டாப் ஓடும்போது ‘1’ என்ற எண்ணை அழுத்தினால் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ‘ஐ’ எழுத்தை அழுத்தினால் மொத்தத்தையே நூறாகக் கொண்டு கணக்கிடும்.

இதில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சதவீதம் நேரத்தின் கணக்கே தவிர, முடித்த வேலையின் கணக்கு அன்று. பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எத்தனை பங்கு அந்த நிரல் பிராசஸரில் இருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பிராசஸர் அப்போது என்ன வேகத்தில் ஓடியது என்பது அதில் இல்லை. இந்த வேறுபாடு கீழே வெயிலைப் பற்றிய கேள்வியில் மீண்டும் வரும்.

“டாப்ல 90 காட்டுது, பி.எஸ். போட்டா அதே புரோகிராம் 4 காட்டுது. எது பொய்?”

இரண்டும் உண்மை. டாப் கடந்த சில நொடிகளின் நிலையைக் காட்டுகிறது. பி.எஸ். கட்டளையோ, நிரல் பிறந்ததிலிருந்து இன்றுவரையிலான சராசரியைக் காட்டுகிறது. காலையிலிருந்து சும்மா இருந்துவிட்டு இப்போதுதான் வெறிபிடித்த நிரல் பி.எஸ்.ஸில் சாதுவாகவே தெரியும்.

“ஆன் பண்ணினதும் பத்து நிமிஷம் தொட முடியலை. அப்புறம் தானா சரியாகுது. இது நோயா?”

பெரும்பாலும் இல்லை. கணினி எழுந்தவுடன் பல வேலைகள் ஒன்றாக விழுந்தடித்து ஓடுகின்றன: புதிய பதிப்புகள் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, கோப்புகளின் பட்டியலைப் புதுப்பிப்பது, தேடுவதற்கு ஏற்றபடி கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படித்து அட்டவணை போடுவது. லினக்ஸின் திரைத்தோற்றத்தைத் தரும் சூழல்களில் ஒன்றான க்னோமில் இந்த அட்டவணை வேலையைச் செய்வது டிராக்கர். 2024இல் வந்த க்னோம் 47இலிருந்து அதன் பெயர் லோக்கல்சர்ச். கேடிஇ என்ற மற்றொரு சூழலில் அதே வேலையைப் பலூ செய்கிறது. இந்தப் பெயர்கள் மேலே நின்றால் ஒருமுறை பொறுத்திருந்து, இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். முடித்துவிட்டு அடங்கிவிடும்.

ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்குகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு கணினியில், பென்டிரைவில் கொண்டுவந்து கொட்டிய பழைய மின்னூல்களுக்கு நடுவே பாதி இறங்கி அறுந்த பிடிஎஃப் ஒன்று கிடந்தது. அட்டவணை போடும் நிரல் அதைத் திறக்க முயன்று விழுவதும் எழுந்து மறுபடி முயல்வதுமாக இருந்தது. அத்தகைய கோப்புறையை அமைப்புகளில் தேடல் பகுதிக்குச் சென்று நீக்கிவிட்டால் போதும். கேடிஇயில் தேடலே தேவையில்லை என்பவர்கள் ‘பலூசிடிஎல் டிசேபிள்’ என்ற கட்டளையால் முழுமையாக நிறுத்தலாம். புதிய பதிப்புகளில் பலூசிடிஎல் என்ற பெயரோடு 6 என்ற எண்ணையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

“மவுஸை நகர்த்தினாலே க்னோம் ஷெல் எகிறுது. திரையை வரையறதுக்கு இவ்வளவா?”

திரையை வரைவது கிராஃபிக்ஸ் சில்லின் வேலை. அதற்கான டிரைவர் சரியாக அமையாதபோது அந்த வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிராசஸரே ஓவியராகவும் வேலை பார்க்கிறது. டிரைவரை நிறுவினால் தீரும். இதைப் பார்க்காமல் ரேம் வாங்கிப் போட்டுவிட்டு வந்து நின்றவர்கள் உண்டு.

டிரைவர் சரியாக இருந்தும் ஏறுகிறது என்றால், க்னோமில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களை ஐயுற வேண்டும். அனைத்தையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். நெட் வேகம், வானிலை, பிராசஸர் வெப்பம் என்று மேல்பட்டையில் நொடிக்கு நொடி எண்களை மாற்றிக் காட்டுபவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. பிராசஸர் ஏறுகிறதா என்று பார்க்கப் போட்ட எக்ஸ்டென்ஷனே அதை ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பார்ப்பதும் நல்ல சோதனை: அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் அமைப்புகளில்தான் இருக்கிறது, கணினியில் இல்லை.

“யூடியூப் போட்டா மட்டும் நாலு கோரும் நிறையுது. அதே படத்தை டவுன்லோடு பண்ணிப் பார்த்தா ஒண்ணுமில்லை. ஏன்?”

காணொளியைப் பிரித்துக் காட்டுவதற்குக் கிராஃபிக்ஸ் சில்லில் தனி உறுப்பு இருக்கிறது. ஆனால் எல்லா வடிவங்களையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் அனுப்புகிறது. இன்டெலில் விபி9ஐ வன்பொருளிலேயே முழுமையாகப் பிரிக்கும் திறன் 7ஆம் தலைமுறையிலும், ஏவி1ஐப் பிரிக்கும் திறன் 11ஆம் தலைமுறையிலும்தான் வந்தது. அதற்கு முந்திய கணினிகளில் பிராசஸர்தான் பிரித்தாக வேண்டும். நீங்கள் இறக்கி வைத்திருந்தது எச்264 வடிவமாக இருந்திருக்கும். அது பழைய சில்களுக்கும் பழக்கமானது. யூடியூப்பை எச்264இல் மட்டும் அனுப்ப வைக்கும் உலாவி நீட்சிகள் கிடைக்கின்றன. பழைய கணினிக்கு அதுவே போதும்.

புதிய கணினியிலும் இதே நிலை என்றால், ‘விஏஇன்ஃபோ’ என்ற கட்டளையைத் தட்டி எந்தெந்த வடிவங்கள் பட்டியலில் வருகின்றன என்று பாருங்கள். பிழைச்செய்தி வந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸில் இன்டெல் சில்களுக்கு இந்த வசதி 2023இல் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது; அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தாவல் பிராசஸரைத் தின்கிறது என்று அறிய, குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தலாம்.

“சிபியூ பத்து சதவீதம்தான். ஆனா லோடு ஆவரேஜ் 9. கணினி நகரவே மாட்டேங்குது.”

லோடு ஆவரேஜ் என்பது பிராசஸரின் சதவீதம் அன்று. கடந்த 1, 5, 15 நிமிடங்களில் சராசரியாக எத்தனை வேலைகள் வரிசையில் நின்றன என்பதைச் சொல்லும் மூன்று எண்கள் அவை. லினக்ஸில் அந்த வரிசையில், பிராசஸருக்காகக் காத்திருப்பவற்றோடு வட்டுக்காகக் காத்திருப்பவையும் சேர்த்து எண்ணப்படுகின்றன. ரேஷன் கடையில் கூட்டம் இருக்கிறது, எடைபோடுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கிடங்கிலிருந்து மூட்டை வரவில்லை என்பது போன்ற நிலை இது.

டாப்பின் மூன்றாம் வரியில் ‘டபிள்யூஏ’ என்ற எழுத்துகளுக்கு முன்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். அது 30, 40 என்று நின்றால் வட்டு தாமதிக்கிறது. எந்த நிரல் வட்டை உழுகிறது என்று ‘ஐஓடாப்’ காட்டும். அப்படி எதுவும் பெரிதாக இல்லாமலே எண் ஏறினால், பழைய ஹார்டு டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். மற்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு, முதலில் கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுத்துவிடுங்கள்.

“கேஸ்வாப்டி0ன்னு ஒண்ணு மேலயே நிக்குது. கில் பண்ணினாலும் போகலை.”

அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் உறுப்பு. போகாது, போகவும் கூடாது. நினைவகம் நிரம்பும்போது எதை வெளியேற்றலாம் என்று தேடுவது அதன் பணி. இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தேடும்போது பிராசஸரை எடுத்துக்கொள்கிறது. எனவே இது நினைவகத்தின் கோளாறு. ‘ஃப்ரீ’ கட்டளையில் ‘அவைலபிள்’ என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். ‘ஃப்ரீ’ என்ற பத்தி குறைவாக இருப்பது லினக்ஸில் இயல்பு.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் கடலூர்ப் பக்கத்திலிருந்து இன்னும் என்னிடம் வருகின்றன. அவற்றில் 2 ஜிபி நினைவகம் உள்ள ஒன்றில் இன்றைய உலாவியில் ஆறு தாவல் திறந்தால் கேஸ்வாப்டி எழுந்துவிடும். நினைவகத்தைக் கூட்டுவதுதான் உண்மையான தீர்வு. அது முடியாதபோது இசட்ரேம் போடலாம்: நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி அடைத்து வைக்கும் முறை அது, ஃபெடோராவில் 2020இலிருந்தே இயல்பாக இருக்கிறது. சுருக்குவதற்குச் சிறிது பிராசஸர் செலவாகும் என்றாலும் வட்டுக்குப் போய்த் திரும்பும் தாமதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

“பகல்ல மட்டும் ஸ்லோ. ராத்திரி நல்லா ஓடுது. புரோகிராம் அதேதான்.”

கத்திரி வெயில் காலத்தில் நான் மிகுதியாகக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். நிரல்களின் பட்டியலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

பிராசஸர் அளவு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2400 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது 30 சதவீதம் எடுத்த காணொளி, வேகம் 800க்கு இறங்கியதும் 90 சதவீதம் எடுக்கும். வேலை கூடவில்லை, கை மெதுவாகிவிட்டது. சதவீதம் நேரத்தின் கணக்கு என்று மேலே சொன்னது இதற்காகத்தான். வெப்பத்தை ‘சென்சார்ஸ்’ கட்டளை காட்டும். வேகத்தை அறிய, பிராக் கோப்புறையில் உள்ள சிபியூஇன்ஃபோ கோப்பில் மெகாஹெர்ட்ஸ் வரிகளைப் பார்க்கலாம். கணினி திணறும் வேளையில் வெப்பம் 90ஐத் தாண்டி, வேகமும் தரையில் கிடந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

அடுத்து ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டியதுதான். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மடிக்கணினியின் பின்மூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே தூசு படிந்து கம்பளித் துண்டு போல் இறுகியிருந்தது. கிடுக்கியால் பிடித்து இழுத்தபோது அது முழுசாக ஒரே பட்டையாக வந்தது. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது, காற்றுக்குத்தான் வழியில்லை. கடலோர ஈரத்தில் தூசு உதிராமல் ஒட்டிக்கொள்கிறது என்பதால் நம் பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து துடைப்பது நல்லது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பிராசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துபவர்களிடம் இவ்வளவு பேசுவதில்லை. ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

இரண்டு பின்குறிப்புகள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மல்டி இயங்கும் சில கணினிகளில், பெயரில் ‘ஐடில் இன்ஜ்’ என்று வரும் நிரல்கள் ஒவ்வொரு கோரிலும் 40, 50 சதவீதம் எடுப்பதாகத் தோன்றும். அவை பிராசஸரைக் கட்டாயமாக ஓய்வெடுக்க வைப்பவை. அவற்றை நிறுத்துவது காய்ச்சல்காரனைப் படுக்கையிலிருந்து இழுத்து ஓடவிடுவதற்கு ஒப்பாகும். மற்றொன்று, வெப்பம் 50தான் இருக்கிறது, ஆனாலும் வேகம் ஏறவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சில மடிக்கணினிகள் அடையாளம் தெரியாத டூப்ளிகேட் அடாப்டரைக் கண்டால் வேகத்தை அடிமட்டத்தில் பூட்டிவிடுகின்றன.

“எதுக்கு இவ்வளவு? கில் மைனஸ் ஒன்பது போட்டா முடிஞ்சுது இல்ல?”

முடியாது, பல நேரங்களில் அந்த நிரலை, பின்னணி நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டி மறுபடி எழுப்பிவிடும். மேலும் 9ஆம் சைகை, நிரலுக்குக் கோப்பைச் சேமித்து மூடும் அவகாசத்தையும் தருவதில்லை. முதலில் எண் இல்லாத வெறும் ‘கில்’ போடுங்கள். வேலை தேவைதான், இப்போது வேண்டாம் என்றால் ‘கில் மைனஸ் ஸ்டாப்’ அதை உறைய வைக்கும், ‘கில் மைனஸ் கான்ட்’ விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும்; ஸ்டாப், கான்ட் ஆகிய சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் தட்டுவது வழக்கம். மற்றவர்களுக்கு வழிவிட்டு மெதுவாக ஓடட்டும் என்றால் ‘ரீநைஸ்’ கொண்டு 19 வரை எண்ணைக் கூட்டலாம். எண் கூடக்கூட நிரல் விட்டுக்கொடுக்கும்.

“பழைய தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி டெசராக்ட்ல எழுத்தா மாத்தறேன். நாலு பக்கத்தை ஒண்ணா விட்டா ஒரு பக்கத்தைவிட மெதுவா போகுதே?”

இந்த ஏற்றம் நியாயமானது, பங்கீடுதான் தவறு. டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே நான்கு இழைகள் வரை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு கிளைகள் வரை, எடுத்துக்கொள்ளும். நான்கு கோர் கணினியில் நான்கு பக்கங்களை ஒன்றாக விட்டால் 16 இழைகள் முட்டிக்கொண்டு, வேலை செய்வதைவிட இடம் பிடிப்பதிலேயே நேரம் போகிறது. ‘ஓஎம்பி த்ரெட் லிமிட்’ என்ற சூழல் மாறியை, சொற்களுக்கு இடையே அடிக்கோடு இட்டுப் பெரிய எழுத்துகளில், 1 என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோர் என்று அமைதியாக முடியும்.

“கேவொர்க்கர்னு ஒண்ணு ஒரு கோரை முழுசா பிடிச்சு வெச்சிருக்கு. இதுவும் கெர்னல்னா விட்டுடலாமா?”

விட வேண்டாம். கேஸ்வாப்டியைப் போல இதுவும் வேறொன்றின் அறிகுறி. கேவொர்க்கர் என்பது கெர்னலின் கூலியாள். யாருக்காக உழைக்கிறது என்பது பெயரின் பின்பாதியில் இருக்கும். அங்கே ‘கேஏசிபிஐடி’ என்று வந்தால், மடிக்கணினியின் ஏதோ ஒரு வன்பொருள் ஓயாமல் கெர்னலின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் இன்டரப்ட்ஸ் என்று சென்றால் ஜிபிஇ என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணிக்கை. பெரும்பாலானவை 0 என்றிருக்க, ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் நின்று, பத்து நொடி கழித்துப் பார்த்தால் மேலும் ஏறியிருக்கும். ரூட் எனப்படும் நிர்வாகி உரிமையோடு அந்தக் கோப்பில் ‘டிசேபிள்’ என்று எழுதினால் கோர் உடனே விடுபடும். மறுதொடக்கத்தில் இது அழிந்துவிடும் என்பதால், ஓரிரு நாள் ஓட்டிப் பார்த்து, மூடியை மூடினால் உறங்குவது போன்றவை கெடவில்லை என்று உறுதி செய்தபின் நிலையாக அமைத்துக்கொள்ளலாம்.

“யாரோ என் கணினியில கிரிப்டோ தோண்டறாங்களோ?”

அரிது, ஆனால் நடக்காததன்று. கெர்னல் உறுப்பைப் போலப் பெயர் வைத்துக்கொள்வது, பிறர் பிராசஸரைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டும் இந்தத் திருடர்களின் பழைய உத்தி. ‘கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்’ என்பது உண்மையான கெர்னல் உறுப்பு. அதன் கடைசியில் ஓர் ‘ஐ’ சேர்ந்தால் திருடன். உண்மையான கெர்னல் உறுப்புகளுக்குப் பெற்றோர் எண், அதாவது அவற்றைத் தொடங்கியதன் எண், 2. பெயர் பி.எஸ். பட்டியலில் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். நினைவகம் 0 காட்டும். போலி இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளும். நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் திரும்பி வருகிறது என்றால் குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் ‘கிரான்டாப் மைனஸ் எல்’ தட்டிப் பாருங்கள். உள்ளே வந்துவிட்டது உறுதியானால், துரத்திக்கொண்டிராமல் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே என் வழக்கம்.

“எல்லாம் பார்த்தாச்சு. மொத்தம் 60 சதவீதம் காட்டுது, ஆனா பட்டியல்ல எந்தப் பேரும் 3ஐத் தாண்டலை. கணக்கே இடிக்குது.”

பிறந்த உடனே இறக்கும் நிரல்கள் இருக்கின்றன என்று பொருள். டாப் மூன்று நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்குள் நூறு நிரல்கள் வந்து போயிருக்கும்; பெயர் பதிவதில்லை, செலவு மட்டும் பதிகிறது. பி.எஸ். கட்டளையைப் பத்து நொடி இடைவெளியில் இருமுறை தட்டி, அந்த பி.எஸ்.ஸுக்கே கிடைத்த செயல் எண்ணை, அதாவது நிரல்கள் பிறக்கும்போது வரிசையாகப் பெறும் எண்ணை, ஒப்பிடுங்கள். சும்மா இருக்கும் கணினியில் அது சிறிதளவே கூடியிருக்கும். முத்தியால்பேட்டை மாணவர் ஒருவரின் கணினியில் பத்து நொடியில் ஆயிரத்துக்கு மேல் தாவியிருந்தது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு நிரலையும் அச்சிடும் ‘எக்ஸெக்ஸ்னூப்’ கருவியை ஓட்டியதும் திரையில் கிரெப், ஆக், கட் என்ற மூன்று பெயர்கள் அருவி போல் கொட்டின. மூன்றுக்கும் பெற்றோர் ஒன்றே. மேல்பட்டையில் நெட் வேகத்தைக் காட்ட அவரே எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் அது. முடிவில்லாத சுழல், நடுவில் ஓய்வே இல்லை. சுழலின் கடைசி வரியில் ‘ஸ்லீப் 2’ என்று சேர்த்தோம். 60 சதவீதம் 4க்கு இறங்கியது.